புளோக்குக்குக் கீழே ஓர் ஊர்

சிங்கப்பூரின் அடுக்குமாடிகள் முன்பின் அறியாதவர்களை அருகருகே குடிவைத்தன. அவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொண்டது எப்படி?

வெள்ளிக்கிழமை காலை, சீனப் பாட்டி ஒருவரின் சவப்பெட்டி மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படுகிறது. ஐந்து நாள் இரவும் பகலும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் வட்ட மேசைகள் போட்டிருந்தன. உறவினர்கள் வேர்க்கடலை கொறித்தபடி கண்விழித்துக் காவலிருந்தார்கள். மதியத்துக்குள் தரை கழுவப்படுகிறது. சனிக்கிழமை அதே தூண்களுக்கு இடையே வண்ணத் துணிகள் ஏறுகின்றன. ஞாயிறன்று கொம்பாங் பறைகள் முழங்க மலாய் மாப்பிள்ளை வந்திறங்குகிறார். ஊதுவத்திப் புகை சூழ்ந்திருந்த இடத்தில் பிரியாணி மணக்கிறது. பத்தாவது மாடியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம் சாவையும் கல்யாணத்தையும் கடந்துதான் மின்தூக்கிக்குப் போகவேண்டும்.

சிங்கப்பூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்படியொரு வாரம் வருவது புதுமையில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய பெரும்பாலான கட்டடங்களின் தரைத்தளத்தில் வீடு கிடையாது. தூண்கள், கல்மேசைகள், நாலைந்து இருக்கைகள், கடிதப் பெட்டிகள், ஓர் அறிவிப்புப் பலகை. மற்றபடி நான்கு பக்கமும் காற்று வீசும் வெற்றிடம். 'வாய்ட் டெக்' என்று பெயர். பேச்சில் 'புளோக்குக்குக் கீழே' என்றால் எல்லோருக்கும் புரியும். குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் இத்தகைய கட்டடங்களில்தான் வசிக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலேயே இருபது ஆண்டு வாழ்ந்துவிடலாம் என்பது எல்லாப் பெருநகரத்திலும் கேட்கும் குறை. மனிதர்கள் மாறிவிட்டார்கள், மனசு சுருங்கிவிட்டது என்று அதற்குக் காரணம் சொல்லிவிடுகிறோம். சிங்கப்பூரின் அறுபது ஆண்டு அனுபவத்தைப் பார்த்தால் அந்தக் காரணம் போதாது என்று தெரிகிறது. இருவர் பேசிக்கொள்ள இடமும் வேண்டும், பேசுவதற்கு ஒரு முகாந்திரமும் வேண்டும். இடத்தை அரசு கட்டிக் கொடுக்கலாம். முகாந்திரத்தைத் தருவது மக்கள் சேர்ந்து செய்யும் வேலை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அக்கம்பக்கம் உருவாவதில்லை.

கம்பத்திலிருந்து மாடிக்கு

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டபோது, சிங்கப்பூர் மக்களில் பெரும்பகுதியினர் நெரிசலான கடைவீடுகளிலும், மலாயாத் தமிழர்கள் 'கம்பம்' என்று சொல்லும் அத்தாப்புக் கூரைக் குடியிருப்புகளிலும் இருந்தார்கள். மறு ஆண்டு மே 25-ஆம் தேதி, ஹஜ்ஜுப் பெருநாளன்று, புக்கிட் ஹோ சுவீ என்ற கம்பத்தில் தீப்பிடித்தது. நால்வர் இறந்தார்கள். ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். கழகம் வேகமெடுத்தது. எரிந்த நிலத்திலேயே மாடிவீடுகள் எழுந்தன. முதல் ஐந்தாண்டுகளில் நாடு முழுவதும் 50,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன.

கூரை கிடைத்தது, கூடவே ஒன்று கைவிட்டுப் போகும் அபாயமும் வந்தது. கம்பங்களில் 'கோத்தோங் ரோயோங்' என்ற வழக்கம் இருந்தது. மண்பாதையைச் செப்பனிடுவது, சாக்கடை வெட்டுவது, கூரை மாற்றுவது, கல்யாணத்துக்குப் பந்தல் போடுவது எல்லாம் ஊர் கூடிச் செய்யும் வேலை. கூலி கிடையாது. இன்று உன் வீட்டுக்கு நான், நாளை என் வீட்டுக்கு நீ என்ற நம்பிக்கைதான் கூலி. மாடிவீட்டுக்குப் போனதும் சாக்கடையை அரசு பார்த்துக்கொண்டது, கூரை ஒழுகவில்லை. ஒருவருக்கொருவர் தேவைப்படும் சந்தர்ப்பங்களும் அத்தோடு குறைந்துபோயின.

கம்பத்து வாழ்வைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. அந்த ஒத்துழைப்பு பெரும்பாலும் இன எல்லைக்குள் நின்றது. மலாய்க் கம்பம் தனி, சீனக் கம்பம் தனி. தமிழர்களில் பலர் துறைமுகம், ரயில்வே, கடற்படைத் தளம் ஆகியவற்றின் தொழிலாளர் குடியிருப்புகளில் இருந்தார்கள். 1964 ஜூலை 21-ஆம் தேதி, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே கலவரம் வெடித்தது. 23 பேர் மாண்டார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டபோது 13 பேர். வட்டாரப் பெரியவர்களை வைத்து நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அந்தத் தொண்டர்கள் தெருத்தெருவாகச் சென்று வதந்திகளை மறுத்தார்கள், அச்சத்தைத் தணித்தார்கள். இனங்களை ஒரே கூரையின் கீழ்க் குடிவைப்பது என்ற எண்ணத்துக்கு இந்தக் காயமும் ஒரு காரணம்.

கதவுக்கும் கதவுக்கும் எவ்வளவு தூரம்?

இடம் மனித உறவுகளை எவ்வளவு ஆழமாக வகுக்கிறது என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மணமான மாணவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் விசாரித்தார்கள்; முடிவுகள் 1950-ல் நூலாக வந்தன. யார் யாருடன் நெருக்கம் என்று கேட்டபோது, ஒரே தளத்தின் அடுத்த கதவுக்காரர்களில் 41 விழுக்காட்டினர் நண்பர்களாகக் குறிக்கப்பட்டார்கள். அதே தளத்தின் மறுகோடியில் இருந்தவர்களில் 10 விழுக்காட்டினர்தான். சில அடி தூரத்தில் இவ்வளவு வித்தியாசம். மாடிப்படி ஓரத்தில் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் அதிகம். படியேறி இறங்குகிறவர்கள் எல்லாம் அவர்கள் வாசலைக் கடந்தார்கள்.

சிங்கப்பூரின் தொடக்ககாலக் கட்டடங்களில் நீண்ட பொதுத் தாழ்வாரம் ஒவ்வொரு வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டு போகும். கதவுகள் திறந்திருக்கும், பிள்ளைகள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடுவார்கள். மின்தூக்கியும் எல்லா மாடியிலும் நிற்காது. சில தளங்களில் மட்டுமே நிற்கும். இறங்கி ஒன்றிரண்டு மாடி நடக்கவேண்டும். அந்த நடையில் பல முகங்கள் பழகின. முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அது பெருந்தொல்லை. எனவே 2001-ல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு மாடியிலும் மின்தூக்கி நிற்க வழிசெய்தார்கள். செய்யவேண்டிய காரியம்தான். ஆனால் தொல்லையோடு சேர்ந்து சந்திப்பும் போகிறது என்றால், அந்தச் சந்திப்புக்கு வேறு இடம் தேடித் தரவேண்டும்.

அந்த இடமாக அமைந்தது கீழ்த்தளம். 1960-களில் ஆங்காங்கே முளைத்து, 1970-களில் கட்டட அமைப்பின் வழக்கமான அங்கமாகிவிட்டது. மழைக்கு ஒதுங்கலாம். பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கலாம். கல்மேசையில் வரைந்திருக்கும் சதுரங்கக் கட்டங்களில் முதியவர்கள் காய் நகர்த்துவார்கள். ஓரத்தில் ஒரு மாமாக்கடை. பல காலம் தமிழ் முஸ்லிம்கள் நடத்திய அந்தச் சிறு கடையில் மிட்டாயிலிருந்து மின்விளக்கு வரை கிடைக்கும். நம்மூர்த் திண்ணையோடு இதை ஒப்பிடத் தோன்றும். வழிப்போக்கருக்கு நிழல் தருவதில் இரண்டும் ஒன்று. ஆனால் திண்ணை ஒரு வீட்டுக்குச் சொந்தம். அங்கே யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதைச் சாதியும் அந்த வீட்டின் அந்தஸ்தும் தீர்மானித்தன. புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வீட்டுக்காரர் கிடையாது. அங்கே எவரும் எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. அதன் பெரிய பலம் இதுதான்.

இந்தப் பலத்தைக் குடியிருப்பெங்கும் பரப்பினார்கள். தோ பாயோவில் 1979-ல் எழுந்த கடல்நாக விளையாட்டுத் திடல், குழந்தைகளோடு தாய்மாரையும் தாத்தாக்களையும் இழுத்தது. தெருவோரம் சமைத்து விற்றவர்களுக்காக 1970-களிலும் 80-களிலும் உணவங்காடி நிலையங்கள் கட்டப்பட்டன. அங்கே காலி இருக்கை யாருக்கும் சொந்தமில்லை. கூட்ட நேரத்தில் மேசையைப் பகிர்ந்துதான் ஆகவேண்டும். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. மலிவான சாப்பாட்டுக்கு அளித்த மரியாதை மட்டும் அல்ல அது. வங்கி அதிகாரியும் துப்புரவுத் தொழிலாளியும் எதிரெதிரே அமர்ந்து சாப்பிடும் மேசைக்கும் சேர்த்துக் கிடைத்த மரியாதை.

அருகில் இருந்தால் போதுமா?

இடம் இருந்தும் மக்கள் தங்கள் இனத்தாரோடு சேரவே விரும்பினார்கள். 1980-களின் இறுதியில் பிடோக், தெம்பனீஸ் வட்டாரங்களில் மலாய்க்காரர்களும், ஹவ்காங்கில் சீனர்களும், ஈசூனின் ஒரு பகுதியில் இந்தியர்களும் திரளத் தொடங்கியிருந்தார்கள். அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன் 1989-ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை அறிவித்தார். மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காட்டையும், மலாய்க்காரர் 25 விழுக்காட்டையும், இந்தியரும் பிறரும் 13 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. கடைசி வரம்பு 2010-ல் 15 ஆனது.

இந்தக் கணக்கு இல்லாவிட்டால் தனித்தனிச் சேரிகள் உருவாகியிருக்கும் என்று ஆதரிப்போர் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. அதற்கான விலையில் பெரும்பங்கைச் சிறுபான்மையினரே கொடுத்தார்கள் என்பதும் உண்மை. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்க நினைக்கும் தமிழரோ மலாய்க்காரரோ, சீனர் அல்லாதவர்களிலேயே வாங்குபவரைத் தேடவேண்டும். வாங்குவோர் குறைந்தால் விலையும் குறையும். பல ஆண்டு முறையீட்டுக்குப் பிறகு, விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி 2022-ல் வந்தது.

இப்படிச் சட்டம் போட்டு மனிதர்களை அருகில் வைத்துவிடலாம். அதற்கு மேல் சட்டத்துக்குக் கை எட்டாது. கலிஃபோர்னியக் குடியிருப்பு ஒன்றைப் பற்றி 1976-ல் வெளிவந்த ஆய்வில், நண்பர்கள் மட்டுமல்ல, பிடிக்காதவர்களும் பக்கத்திலேயே இருந்தார்கள் என்று தெரியவந்தது. நெருக்கம் நட்பையும் வளர்க்கும், பகையையும் வளர்க்கும். இரைச்சல், நாற்றம், வாசலில் விட்ட செருப்பு என்று சண்டைக்குக் காரணங்கள் பக்கத்து வீட்டில்தான் கிடைக்கும்.

சிங்கப்பூர்த் தமிழர்கள் மறக்காத உதாரணம் ஒன்று உண்டு. சீனாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துக்குப் பக்கத்து இந்திய வீட்டுக் குழம்பு வாசனை தாங்கவில்லை. விவகாரம் சமூக சமரச நிலையத்துக்குப் போனது. 1998-ல் தொடங்கிய அந்த நிலையத்தில் பேசித் தீர்த்துவைப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள். பக்கத்து வீட்டார் இல்லாத நேரத்தில் குழம்பு வைப்பதாக இந்தியக் குடும்பமும், அந்தக் குழம்பை ருசித்துப் பார்ப்பதாகச் சீனக் குடும்பமும் ஒப்புக்கொண்டன. சில ஆண்டு கழித்து, 2011-ல் இந்தச் செய்தி நாளிதழில் வந்தபோது நாடே கொதித்தது. தன் வீட்டில் குழம்பு வைக்க நேரம் பார்க்க வேண்டுமா என்று இந்தியர்கள் மட்டும் கேட்கவில்லை. சீனர்களும் மலாய்க்காரர்களும் கேட்டார்கள். ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குழம்பு வைப்போம் என்று ஃபேஸ்புக்கில் எழுந்த அழைப்பில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்துகொண்டார்கள். பல வீடுகளில் அன்று குழம்பு கொதித்தது, பகிர்ந்து உண்டார்கள்.

குழம்பு இந்தியரின் தனி உணவு என்று அந்தச் சீனர்களும் மலாய்க்காரர்களும் நினைக்கவில்லை. அது தங்கள் சமையலும்தான் என்றார்கள். பல பத்தாண்டுகள் ஒரே தாழ்வாரத்தில் சமையல் மணத்தைப் பகிர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. புதிதாக வந்த குடும்பத்துக்கு அந்தப் பழக்கம் இன்னும் ஏற்படவில்லை. பழகப் பல ஆண்டு காத்திருக்க முடியாதபோது குறுக்குவழி ஏதும் உண்டா? உண்டு. சேர்ந்து ஒரு வேலையைச் செய்வது.

சேர்ந்து கிளறிய அண்டா

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதைத் தெளிவாக எழுதினார். வேற்றினத்தாரைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் மட்டும் வெறுப்பு குறைந்துவிடாது. சம அந்தஸ்து, பொது இலக்கு, அந்த இலக்கை அடைய ஒருவரை ஒருவர் நம்பவேண்டிய நிலை, இவற்றுக்கெல்லாம் அமைப்புகளின் ஆதரவு ஆகிய நான்கும் சேர்ந்தால் குறையும் என்றார். மின்தூக்கியில் தலையசைத்துக்கொள்வது சந்திப்பு. நாற்காலி அடுக்குவது, அண்டா தூக்குவது, வரிசையை ஒழுங்குபடுத்துவது கூட்டுவேலை. முந்தைய நாள் பெயர் தெரியாதவரிடம், "அந்தப் பக்கம் பிடிங்க" என்று சொல்லவேண்டி வரும். உறவு அங்கே தொடங்குகிறது.

மலாய்க் கல்யாணம் இதற்கு நல்ல சாட்சி. முன்பெல்லாம் கீழ்த்தளத்தில் பெரிய அண்டாக்களை வைத்து அக்கம்பக்கத்தாரே சமைப்பார்கள். வெங்காயம் உரிப்பது ஒரு கூட்டம், இறைச்சி நறுக்குவது ஒரு கூட்டம், பாத்திரம் கழுவப் பையன்கள். இரண்டு நாள் வேலையில் எல்லாக் குடும்பக் கதையும் வெளியே வந்துவிடும். இப்போது பெரும்பாலான கல்யாணங்களுக்குச் சமையல் ஒப்பந்தக்காரர்கள் வருகிறார்கள். இடம் அதே இடம்தான். பக்கத்து வீட்டுக்காரர் இன்றும் வருகிறார், மொய் வைக்கிறார், சாப்பிடுகிறார், போகிறார். உடன் உழைத்தவராக இருந்தவர் விருந்தாளியாகிவிட்டார். வசதி பெருகும்போது எதை இழக்கிறோம் என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்ட முடியாது.

எனவே சேர்ந்து செய்யப் புதிய வேலைகள் வேண்டியிருக்கின்றன. சிங்கப்பூர் அவற்றைத் தேடிக்கொண்டே வந்திருக்கிறது. 1978-ல் வசிப்போர் குழுக்கள் பிறந்தன. குடியிருப்பாளர்களே சேர்ந்து விழா நடத்துவதும், இரவு ரோந்து போவதும், குறைகளை நகர மன்றத்துக்குக் கொண்டுபோவதுமாக அவை இயங்கின. 2001 டிசம்பரில் பயங்கரவாதச் சதி ஒன்று வெளிப்பட்டு அச்சம் பரவியபோது, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சங்கம் ஆகியவற்றின் பிரதிநிதிகளைத் தொகுதிதோறும் இணைத்து இன நல்லிணக்க வட்டங்கள் அமைக்கப்பட்டன. ஏதாவது விபரீதம் நடந்தால் அன்று அறிமுகம் செய்துகொள்ள நேரமிருக்காது. முன்கூட்டியே பழகியிருக்கவேண்டும் என்பது அவற்றின் அடிப்படை.

எனக்கு மிகவும் பிடித்தவை சமூகத் தோட்டங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005-ல் தொடங்கிய திட்டத்தில் இன்று 2,000-க்கும் மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. புளோக்குகளுக்கு இடையே இருக்கும் புல்வெளித் துண்டில் குடியிருப்பாளர்களே பாத்தி கட்டி வளர்க்கிறார்கள். கறிவேப்பிலையும் முருங்கையும் தமிழ் வீட்டுக்கு, ரம்பையிலை மலாய்ச் சமையலுக்கும் சீனப் பலகாரத்துக்கும் போகும், மிளகாய் எல்லோருக்கும். பாஷை இடறும் இடத்தில் செடி கைகொடுக்கிறது. இலையில் பூச்சி விழுந்தால் அதைக் காட்டி விளக்க இலக்கணம் தேவையில்லை. ஊருக்குப் போகும் வாரத்தில் யாரிடமாவது தண்ணீர் ஊற்றச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தக் கோரிக்கை கம்பத்துக் காலத்தின் பழைய கணக்கைத் திரும்பத் திறக்கிறது: இன்று எனக்கு, நாளை உனக்கு.

தனியே சாப்பிடும் முதியவர்கள்

கூட்டுவேலையின் அருமை முதுமையில் மிக நன்றாகத் தெரியும். பிள்ளைகள் வேறு வட்டாரத்துக்குப் போய்விட, துணையும் இறந்துவிட்டால், ஓரறை வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்கு ஒரு நாளில் ஒரு சொல் பேசவும் ஆள் இருக்காது. மரீன் பரேடில் மொன்ஃபர்ட் கேர் என்ற அமைப்பு புளோக்கின் கீழ்த்தளத்தில் பொதுச் சமையற்கூடம் ஒன்றை நடத்துகிறது. தனித்து வாழும் முதியவர்களுக்கு அங்கே யாரும் பொட்டலம் கொடுப்பதில்லை. அவர்களே கூடிக் காய் நறுக்குகிறார்கள், சமைக்கிறார்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வாங்கிக்கொள்பவராக இருப்பதற்கும் பரிமாறுபவராக இருப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எழுபது வயதுக்காரர் நன்றாகவே உணர்வார்.

உட்லண்ட்ஸில் 2018-ல் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்ட்டி இதே எண்ணத்தைக் கட்டடமாக்கியது. கீழே கூரையுள்ள பொது முற்றம், அதன் மேல் உணவங்காடி நிலையம், மருத்துவ நிலையம், குழந்தைப் பராமரிப்பு நிலையம், முதியோர் நிலையம், கூரையில் சமூகத் தோட்டம். இவற்றோடு முதியவர்களுக்கான 104 வீடுகள். பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகளையும் தாத்தா பாட்டிகளையும் வேண்டுமென்றே அருகருகே வைத்தார்கள். வோஹா நிறுவனம் வடிவமைத்த இந்தக் கட்டடம் அவ்வாண்டின் உலகச் சிறந்த கட்டட விருதைப் பெற்றது. படி இறங்க முடியாத முதியவர்களையும் தேடி, 2014 முதல் நாடு முழுவதும் தொண்டூழியத் தூதர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். அரசு உதவித் திட்டங்களை அவரவர் மொழியில், தமிழிலும், ஹொக்கியனிலும், மலாயிலும் விளக்குகிறார்கள்.

இந்த வலைப்பின்னலின் பயன் நெருக்கடியில் தெரிந்தது. 2020 ஜனவரி இறுதியில், கொரோனா அச்சம் தலைதூக்கியபோது, குடும்பத்துக்கு நான்கு முகக்கவசம் வழங்க அரசு முடிவுசெய்தது. சமூக மன்றங்களிலும் வசிப்போர் குழு நிலையங்களிலும் தொண்டூழியர்கள் நின்று விநியோகித்தார்கள். எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார், யார் கதவைத் தட்டவேண்டும் என்பது அரசுப் பட்டியலைவிட அக்கம்பக்கத்துத் தொண்டருக்கு நன்றாகத் தெரியும்.

தடுப்புக் கம்பிகள்

எல்லாம் வளர்முகமாகவே இருக்கிறது என்று சொல்ல முடியாது. கீழ்த்தளச் சுவர்களில் பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது என்ற பலகைகள் பெருகிவிட்டன. 2016-ல் குவீன்ஸ்டவுனின் ஒரு புளோக்கில், பிள்ளைகள் பந்து உதைப்பதைத் தடுக்கக் கீழ்த்தளத்தின் நடுவிலேயே கம்பித் தடுப்புகள் நிறுவப்பட்டன; படத்தைப் பார்த்த பலர் கொதித்துப்போனார்கள். இரைச்சலால் அவதிப்படும் முதல் மாடிக்காரரின் வேதனை பொய்யில்லை. அதற்கான விடை கம்பி இல்லை. விளையாடும் பிள்ளைகளையும் முதல் மாடிக்காரரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, நேரம் பேசி முடிக்கும் தொண்டரே விடை.

கீழ்த்தளம் சுருங்கியும் வருகிறது. பாலர் பள்ளி, முதியோர் நிலையம், சைக்கிள் நிறுத்தம் என்று பயனுள்ள காரியங்களே இடத்தை நிரப்புகின்றன. ஒவ்வொன்றும் தேவைதான். ஆனால் காரணம் சொல்லாமல் உட்காரும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைகிறது. சமூகத் தோட்டங்களிலும் சில வேலியிட்டுப் பூட்டப்பட்டிருக்கின்றன, திருட்டுக்குப் பயந்துதான். பூட்டிய தோட்டம் அதன் உறுப்பினர்களுக்கு மட்டும் பயன்படும். வேடிக்கை பார்க்க நின்று, பேச்சுக் கொடுத்து, பிறகு மண்வெட்டி எடுத்திருக்கக்கூடிய அடுத்த தொண்டரை அது இழந்துவிடும்.

கட்டியவர்களுக்கு எங்கே இடம்?

இந்த அடுக்குமாடிகளைக் கட்டியவர்கள் யார் என்று கேட்டால், நம் ஊர் வாசகர்களுக்குப் பதில் தெரியும். புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் போனவர்கள், வங்காளதேசத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவர்களோடு சேர்ந்து கட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் நகரத்தின் ஓரத்து விடுதிகளில் தங்குகிறார்கள். 2008-ல் சிராங்கூன் கார்டன்ஸ் வட்டாரத்தில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றைத் தொழிலாளர் விடுதியாக்கும் திட்டம் வந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். விடுதி திறக்கப்பட்டது, கூடவே, தொழிலாளர்கள் குடியிருப்புக்குள் வராமல் போய்வரத் தனிப்பாதையும் போடப்பட்டது. சாலை அமைப்பு சந்திப்பைத் தடுக்கவும் வல்லது என்பதற்கு அது சான்று.

அவர்களில் பலருக்கு லிட்டில் இந்தியாவே ஞாயிற்றுக்கிழமை ஊராக இருந்தது. 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தபோது அங்கே கலவரம் மூண்டது. அதன்பின் மதுக் கட்டுப்பாடு இறுகியது. விடுதிகளை ஒட்டிப் பொழுதுபோக்கு மையங்கள் பெருகின. கிரிக்கெட் திடல், கடை, பணம் அனுப்பும் வசதி எல்லாம் அங்கே உண்டு. ஊர்க்காரர்களைச் சந்திக்கும் வாய்ப்புதான் இல்லை. 2020-ல் கொரோனா பரவியபோது விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று கண்டிருந்தது. நெருக்கியடித்த அறைகளை அப்போதுதான் பல சிங்கப்பூரர்கள் திரையில் பார்த்தார்கள்.

இந்த இடைவெளியில் பாலம் போட்டவர்கள் தொண்டூழியர்கள். டி.டபிள்யூ.சி.டூ. என்ற தொண்டு அமைப்பு 2008 முதல், வேலையில் அடிபட்டு வழக்கு முடியக் காத்திருக்கும் தொழிலாளர்களுக்கு லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு கொடுக்கிறது. சாப்பிட வருபவரிடம் தொண்டர் உட்கார்ந்து வழக்கின் நிலையைக் கேட்டுக்கொள்கிறார். ஹெல்த்சர்வ் என்ற அமைப்பு மருத்துவம் பார்க்கிறது. கொட்டும் மழையில் வேலை பார்ப்பவர்களுக்கு மழையங்கி கொடுப்பதில் தொடங்கியது 'இட்ஸ் ரெய்னிங் ரெயின்கோட்ஸ்'. 2014-ல் பிறந்த புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி, வங்காள மொழியிலும் தமிழிலும் எழுதும் கட்டுமானத் தொழிலாளர்களை மேடையேற்றியது. சோறு போடும் இடத்தில் ஒருவர் கொடுப்பவர், ஒருவர் பெறுபவர். கவிதை மேடையிலோ தொழிலாளி சொல்கிறார், ஊர் கேட்கிறது. ஆல்போர்ட் சொன்ன சம அந்தஸ்து அங்கேதான் கிட்டுகிறது.

குடியிருப்பைத் திட்டமிடுபவர்கள் எத்தனை வீடு, எத்தனை கார் நிறுத்தம் என்று கணக்குப் போடுகிறார்கள். அதே வரைபடத்தை வைத்து இன்னும் மூன்று கேள்வி கேட்கவேண்டும். காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல் உட்கார இங்கே இடம் எங்கே? குடிவருபவர்கள் சேர்ந்து செய்ய என்ன வேலையை விட்டுவைத்திருக்கிறோம்? அந்த வேலைக்கு யாரை அழைக்காமல் விட்டோம்? முதல் கேள்விக்குச் சிங்கப்பூர் உலகுக்கே சொல்லித்தரும் அளவுக்குப் பதில் வைத்திருக்கிறது. இரண்டாவதற்குச் சமூகத் தோட்டக்காரர்களும் சமையற்கூடத்து முதியவர்களும் தினமும் பதில் எழுதுகிறார்கள். மூன்றாவது கேள்வி இன்னும் பாக்கி. அடுத்த சமூகத் தோட்டத்தில் ஒரு பாத்தியை, வட்டாரக் கிரிக்கெட் போட்டியில் ஓர் அணியை, வசிப்போர் குழுவின் தீபாவளிச் சமையலில் ஓர் அண்டாவை விடுதித் தொழிலாளர்களுக்கு ஒதுக்குவதற்குப் புதுச் சட்டமோ பெரும்பணமோ தேவையில்லை. அந்த வட்டாரத் தொண்டூழியர்கள் நாலு பேர் விடுதிக்குப் போய்க் கூப்பிட்டால் போதும்.